படத்தைப் படிக்க வேண்டாம், பிள்ளையோடு உட்காருங்கள்: குழந்தைகள், வளரிளம் பருவத்தினரின் மனநலத்துக்கான கலைவழி வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன், மதுரை செல்லூரிலிருந்து ஒரு தாய் தம் ஏழு வயது மகனின் ஓவிய நோட்டோடு என்னைப் பார்க்க வந்தார். பத்துப் பன்னிரண்டு பக்கங்களில் வீடு, மரம், சூரியன் என்று வரைந்திருந்தான்; சூரியன் உட்பட எல்லாமே கறுப்பு. "மேடம், கறுப்பாவே வரையிறான். கறுப்புல வரைஞ்சா மனசுல ஏதோ இருக்குன்னு போன்ல ஒரு வீடியோவுல சொன்னாங்க. மூணு நாளாத் தூக்கமில்ல" என்றார். நான் பையனிடம், இதையெல்லாம் வரைந்தபோது அவனுடைய கிரேயான் டப்பாவில் என்னென்ன நிறங்கள் இருந்தன என்று மட்டும் கேட்டேன். "தங்கச்சி எல்லாத்தையும் ஒடச்சிட்டா. கறுப்பு மட்டுந்தான் முழுசா இருந்துச்சு" என்றான்.

அதே பையன் மூன்றாவது வாரம் புது வண்ணங்களால் பளிச்சென்று ஒரு மஞ்சள் பள்ளி வேன் வரைந்தான். யார் பார்த்தாலும் மகிழ்ச்சியான படம் என்றே சொல்வார்கள். வரைந்து முடித்துச் சன்னல்களுக்கு நீலம் அடித்துக்கொண்டிருந்தபோது, கடைசி இருக்கையில் உட்காரும் பெரிய பையன்கள் தன் சாப்பாட்டு டப்பாவைப் பிடுங்கி வெளியே வீசுவதை, தலையை நிமிர்த்தாமலேயே அவன் சொல்லத் தொடங்கினான். கறுப்புப் படங்களில் எதுவுமில்லை. மஞ்சள் படத்தில்தான் துயரம் இருந்தது. அதையும் படம் சொல்லவில்லை, படம் வரைந்துகொண்டிருந்த பிள்ளைதான் சொன்னான். (இங்கே வரும் பிள்ளைகளின் விவரங்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.) பெற்றோர், ஆசிரியர், பிள்ளைகளுக்கு நெருக்கமான சித்தி, மாமா, தாத்தா, பாட்டி ஆகியோர் வீட்டிலும் வகுப்பிலும் என்ன செய்யலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

எது கலைவழிச் சிகிச்சை, எது அல்ல

கலைச் சிகிச்சை என்ற தொடரை 1942இல் முதலில் பயன்படுத்தியவர் பிரிட்டிஷ் ஓவியர் ஏட்ரியன் ஹில். காசநோய்க்காகச் சானடோரியத்தில் தங்கியிருந்தபோது வரைவது தமக்கு எவ்வளவு துணையாக இருந்தது என்பதை உணர்ந்து, பக்கத்துப் படுக்கை நோயாளிகளுக்கும் அதைக் கொண்டுபோனவர் அவர். அமெரிக்காவில் மார்கரெட் நாம்பர்க், எடித் கிராமர் ஆகிய இருவரும் குழந்தைகளோடு பணியாற்றி இத்துறையை வளர்த்தார்கள். ஆனால் இருவருக்கும் பார்வை வேறு. மனத்தின் அடியில் கிடப்பது படமாக வெளிப்படுகிறது, அதைப் பற்றிப் பேசும்போது சிகிச்சை நடக்கிறது என்றார் நாம்பர்க். வரைவதும் வனைவதுமான செயலே ஆற்றுகிறது என்றார் கிராமர். பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் இரண்டையும் கையாள்வார். வீட்டில் இருக்கும் நமக்குக் கிராமரின் வழிதான் பாதுகாப்பானது என்பது என் கருத்து. செய்யவிடுவதும் கூடவே இருப்பதும் நம் வேலை. பொருள் சொல்வது நம் வேலையல்ல.

ஆகவே, பயிற்சி பெற்றவர் ஒரு குறிக்கோளோடு, பதிவுகளோடு, தொடர் அமர்வுகளாகச் செய்வதுதான் கலைவழிச் சிகிச்சை. நாம் செய்வது கலைவழித் துணை. இந்த எல்லையை மறக்காதவரை, வீட்டில் செய்வது நன்மையே தரும்.

பயன் எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு நேர்மையாகச் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஓர் அறிக்கை, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, கலைகள் நோய்த் தடுப்பிலும் நலப் பேணலிலும் துணை செய்கின்றன என்று கூறியது. 2016இல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 39 பேரை 45 நிமிடம் விருப்பப்படி கலைப்பொருட்களோடு இருக்கவிட்டு உமிழ்நீரைச் சோதித்தபோது, ஏறத்தாழ நான்கில் மூவருக்கு மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்டிசால் என்ற ஹார்மோன் குறைந்திருந்தது. முன்பே வரையத் தெரிந்தவர்களா இல்லையா என்பது பெரிய வேறுபாட்டை ஏற்படுத்தவில்லை. ஆனால் அவர்கள் பெரியவர்கள், எண்ணிக்கையும் சிறியது. மருந்துக்கோ மருத்துவருக்கோ மாற்றாக இதை யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முதல் படி: வீட்டில் தொடங்கலாமா, மருத்துவரிடம் போக வேண்டுமா?

எல்லா வழிகாட்டிகளும் இதைக் கடைசியில் வைக்கின்றன. நான் முதலில் வைக்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 10 முதல் 19 வயதுவரை உள்ளவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநலப் பிரச்சினை உள்ளது. ஒரு வகுப்பில் 40 பேர் இருந்தால் ஐந்தாறு பிள்ளைகள் என்று பொருள்.

தூக்கமோ சாப்பாடோ இரண்டு வாரங்களுக்கு மேல் குலைந்திருந்தால், பிடித்த விளையாட்டிலும் நண்பர்களிடமும் நாட்டம் அற்றுப்போயிருந்தால், பள்ளிக்குப் போவதை உடம்பே மறுத்து வாந்தியும் வயிற்றுவலியுமாக வந்தால், கையிலோ தொடையிலோ கீறல் தழும்புகள் தெரிந்தால், யாரும் பேசாதபோது குரல் கேட்கிறது என்று பிள்ளை சொன்னால், வண்ணப் பெட்டியைத் தேடாதீர்கள், மருத்துவரைத் தேடுங்கள். "நான் இல்லாமப் போனா எல்லாருக்கும் நல்லது" என்ற பேச்சு கோபத்தில் வந்தாலும் விளையாட்டாக வந்தாலும் அப்படியே கடந்துவிடக் கூடாது. பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

மதுரையில் கோரிப்பாளையம் அருகிலுள்ள அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மனநலப் பணிக்கென்றே இயங்கும் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையும் இதே ஊரில் உள்ளது. நள்ளிரவானாலும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை இது. குழந்தை ஆபத்தில் இருந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள்.

வீட்டில் தொடங்குவதற்கு ஏற்றவை வேறு வகையான கனங்கள்: ஊர் மாறிப் புதுப் பள்ளியில் சேர்ந்தது, தம்பி பிறந்தது, பாட்டி இறந்தது, அப்பா வளைகுடாவுக்கு வேலைக்குப் போனது, கணக்குப் பரீட்சைப் பயம், நெருங்கிய தோழியோடு பேச்சு நின்றுபோனது. மருத்துவரிடம் போய்வரும் பிள்ளைக்கும், அவரிடம் கேட்டுக்கொண்டு, இதைத் துணையாகச் செய்யலாம்.

இரண்டாம் படி: இடமும் நேரமும்

வாரத்தில் ஒரு நாள், அதே கிழமை, அதே நேரம், முக்கால் மணி நேரம் போதும். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் இருபது நிமிடமே அதிகம். தினமும் கொஞ்சம் என்பதைவிட வாரம் ஒரு முறை தவறாமல் என்பதே பிள்ளைக்குப் பிடிப்பைத் தருகிறது. "சனிக்கிழமை சாயங்காலம் நமக்கு உண்டு" என்ற உறுதி சில பிள்ளைகளுக்கு வாரம் முழுவதையும் தாங்கும் ஊன்றுகோலாக இருந்ததைக் கண்டிருக்கிறேன்.

தனியறை இல்லாத வீடுகளே நம் ஊரில் அதிகம். மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளில் ஒற்றை அறையில் ஐந்து பேர் இருக்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும். அங்கெல்லாம் வெயில் தாழ்ந்த பிறகு மொட்டை மாடியில் பாய் விரித்துக்கொள்ளலாம். திண்ணையில் பழைய செய்தித்தாள் பரப்பிக்கொள்ளலாம். இடத்தைவிட முக்கியம், குறுக்கே வந்து "இது என்ன யானையா, பன்னியா?" என்று கேட்பவர்கள் இல்லாமல் இருப்பது. வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். உங்கள் கைபேசியும் அந்த நேரத்துக்கு உள்ளே போகட்டும். டியூஷனை நிறுத்திவிட்டு இதற்கு நேரம் ஒதுக்க வேண்டியிருந்தால், ஒரு நாள் டியூஷனை நிறுத்துவது தவறில்லை என்றே சொல்வேன்.

மூன்றாம் படி: பொருட்களைத் தேர்ந்தெடுத்தல்

இதில் விலையைவிடக் குணம்தான் பெரிது. 1978இல் கேகின், லூஸ்பிரிங்க் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் முன்வைத்த ஒரு பார்வை இதற்கு உதவுகிறது. கலைப்பொருட்கள் கைக்குக் கட்டுப்படுபவை, கைமீறி ஓடுபவை என்று ஒரு வரிசையில் அமைகின்றன. பென்சிலும் கலர் பென்சிலும் கட்டுப்படுபவை. போட்ட இடத்தில் நிற்கும். கிரேயான், ஆயில் பேஸ்டல், களிமண் ஆகியவை நடுவில் நிற்பவை. தண்ணீரில் கரைத்த வண்ணமும் விரலால் பூசும் வண்ணமும் ஓடுபவை. ஓடும்போது உணர்ச்சியையும் இழுத்துக்கொண்டு ஓடும்.

ஆகவே பதற்றமும் பயமும் உள்ள பிள்ளைக்கு முதல் நாளே வாட்டர் கலரைக் கொடுத்தால், வண்ணம் பரவப் பரவப் பயமும் பரவும். பென்சிலில் தொடங்கி, சில வாரங்கள் கழித்து மெல்ல ஈர வண்ணத்துக்கு வாருங்கள். எதையும் ஸ்கேல் வைத்தே வரையும், ஒரு கோடு பிசகினாலும் தாளைக் கிழிக்கும் பிள்ளைக்கும் இதே வரிசைதான், இன்னும் மெதுவாக. மாறாக, ஓரிடத்தில் நில்லாத, கோபத்தைக் கையில் வைத்திருக்கும் பிள்ளைக்குக் களிமண்ணே முதல் மருந்து. அதை அடிக்கலாம், பிசையலாம், பிய்க்கலாம், பிறகு ஒன்று சேர்க்கலாம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் சிலருக்கு ஈர மண்ணின் தொடுகை தாங்க முடியாததாக இருக்கும். அவர்களை வற்புறுத்தவே கூடாது.

திருப்பரங்குன்றத்துக்கு அருகில் உள்ள விளாச்சேரி பரம்பரையாக மண் பொம்மைகள் செய்யும் ஊர். அங்கே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், மண் எப்படிப் பதப்படுகிறது என்று பார்க்கவிட்டு, ஒரு கட்டி மண்ணைக் கேட்டு வாங்கி வருவதே ஓர் அமர்வுக்குச் சமம். துணி வெட்டுத் துண்டுகளைத் தெருத் தையற்கடையில் கேட்டால் கொடுப்பார்கள். பழைய திருமணப் பத்திரிகைகள், வார இதழ்கள், காய்ந்த இலைகள், கோலப்பொடி, பசை, ஒரு பக்கம் அச்சான ஏ4 தாள்களின் மறுபக்கம் ஆகியவை போதும். தன்னைக் காயப்படுத்திக்கொண்ட வரலாறு உள்ள பிள்ளை என்றால் பிளேடும் கூர்மையான கத்தரியும் வேண்டாம். காகிதத்தைக் கையால் கிழித்தே ஒட்டட்டும்.

நான்காம் படி: முதல் நாள் சொல்ல வேண்டியவை

"இது ட்ராயிங் கிளாஸ் இல்ல, மார்க் இல்ல, பரிசு இல்ல, நல்லா வரையணும்னும் இல்ல" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். ஓவியப் போட்டிகளில் பரிசு வாங்கிய பிள்ளைகளுக்கு இதை இரண்டு முறை சொல்ல வேண்டும். அழகாக வரையத் தெரிந்ததாலேயே உண்மையை வரைய முடியாமல் தவிப்பவர்கள் அவர்கள். வரைய விருப்பமில்லை என்றால் சும்மா உட்கார்ந்திருக்கலாம் என்பதும் விதியாக இருக்கட்டும்.

அடுத்தது இரகசியம் பற்றியது. "நீ சொல்றதை நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று முழுதாக வாக்குக் கொடுக்காதீர்கள். "உனக்கோ வேற யாருக்கோ ஆபத்துன்னா மட்டும், உன்கிட்ட சொல்லிட்டு, உதவி செய்யக் கூடியவங்ககிட்ட சொல்லுவேன்; மத்ததெல்லாம் நமக்குள்ளதான்" என்பதே காப்பாற்றக்கூடிய வாக்கு. பணியின் தொடக்க காலத்தில் நான் முதல் வகை வாக்கை ஒரு பதினான்கு வயதுப் பெண்ணுக்குக் கொடுத்து, பிறகு அவள் பாதுகாப்புக்காகவே அதை மீற நேர்ந்தது. அவள் என்னை மன்னிக்க ஓராண்டு ஆயிற்று.

நீங்களும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு உங்களுக்கான எதையாவது வரையுங்கள். குறுகுறுவென்று பார்த்துக்கொண்டிருக்கும் கண்களுக்குக் கீழே எந்தப் பிள்ளையாலும் வரைய முடியாது.

ஐந்தாம் படி: வயதுக்கேற்ற பயிற்சிகள்

பிள்ளைகளின் ஓவிய வளர்ச்சிக்குக் கலைக் கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947இல் வகுத்த நிலைகளை ஒட்டிச் சொன்னால், நான்கு வயதுவரை கிறுக்கல். பிறகு தலையிலிருந்தே கால் முளைக்கும் மனிதர்கள். ஏழு வயதுக்கு மேல் தரைக்கோடு, அதன்மேல் வீடு, மேலே வானம் என்ற ஒழுங்கு. ஒன்பது, பத்து வயதில் "நிஜம்போல் வரவில்லையே" என்ற ஏக்கம். இதைத் தெரிந்துவைத்திருந்தால், ஐந்து வயதுப் பிள்ளை கையில்லாத அம்மாவை வரைந்ததற்காகக் கலங்கமாட்டீர்கள். அந்த வயதில் அது இயல்பு.

சிறு பிள்ளைகளுக்குக் கிறுக்கல் விளையாட்டே போதும். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுழிக்கோடு இழுங்கள். பிள்ளை அதில் ஏதோ ஒன்றைக் கண்டுபிடித்துக் கண்ணும் வாலும் வைக்கட்டும். பிறகு பிள்ளை இழுக்க, நீங்கள் முடியுங்கள். பிரிட்டிஷ் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான வினிகாட் தம்மிடம் வந்த பிள்ளைகளோடு ஆடிய ஆட்டம் இது. "என்ன வரையறதுன்னு தெரியல" என்ற அச்சத்தை இதைவிட எளிதாகக் கலைக்கும் வழி எனக்குத் தெரியாது.

எட்டு முதல் பன்னிரண்டு வயதுவரை உள்ளவர்களுக்கு உடல் வரைபடம் நன்றாகப் பொருந்தும். தரையில் சார்ட் பேப்பர்களை ஒட்டிச் சேர்த்துப் பிள்ளையைப் படுக்கவைத்து, உடலின் வெளிக்கோட்டைச் சாக்பீஸால் வரையுங்கள். தொட்டு வரைவதைப் பிள்ளை விரும்பாவிட்டால் ஏ4 தாளில் ஒரு சிறு உருவம் போதும். கோபத்துக்கு ஒரு நிறம், பயத்துக்கு ஒன்று, மகிழ்ச்சிக்கு ஒன்று என்று நிறங்களைப் பிள்ளையே தேர்ந்து, அவை உடம்பில் எங்கே இருக்கின்றன என்று நிரப்பட்டும். பயம் வயிற்றில், கோபம் பல்லிலும் கையிலும் என்று ஒன்பது வயதுப் பிள்ளைகள் துல்லியமாகச் சொல்வார்கள். "வயித்தெரிச்சல்", "நெஞ்சடைக்குது", "தொண்டையக் கவ்வுது" என்று உணர்ச்சிகளை உடம்பில் வைத்தே பேசும் மொழி நம்முடையது. அதனால்தானோ என்னவோ இந்தப் பயிற்சி நம் பிள்ளைகளுக்கு விளக்கம் இல்லாமலே புரிகிறது.

இதே வயதினரிடம் நான் அதிகம் பயன்படுத்துவது திருவிழாப் படம். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளை வரையச் சொல்வேன். பெரும்பாலோர் முதலில் குதிரையையும் அழகரையும் வரைவார்கள். பிறகு, "இவ்வளவு கூட்டத்துல நீ எங்க இருக்கே? உன் பக்கத்துல யாரு?" என்று கேட்பேன். அப்பாவின் தோளில் இருப்பவர்கள் உண்டு. பாலத்தின் மேலிருந்து தனியாகப் பார்ப்பவர்கள் உண்டு. "நான் தொலைஞ்சுட்டேன், போலீஸ் மைக்ல பேர் சொல்றாங்க" என்று ஒரு சிறுமி சொன்னாள். யார் உன்னைத் தேடி வருவார்கள் என்று கேட்டதும் நெடுநேரம் யோசித்துப் பெரியம்மாவை வரைந்தாள். அவள் நம்பும் மனிதர் யார் என்பதை வேறு எந்தக் கேள்வியும் எனக்கு அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்காது. ஆனால் அந்தப் படத்துக்கு இதற்கு மேல் பொருள் தேடக் கூடாது. மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தையோ தம் ஊர்ச் சந்தையையோ வைத்தும் இதைச் செய்யலாம்.

பதின்ம வயதினரிடம் "உன் மனசை வரை" என்றால் அன்றோடு உங்களை விட்டு விலகிவிடுவார்கள். அவர்களுக்கு மறைப்பு வேண்டும். முகமூடி நல்ல மறைப்பு: அட்டையில் ஒரு முகம் வெட்டி, வெளிப்பக்கம் ஊருக்குத் தெரியும் நான், உட்பக்கம் எனக்கு மட்டும் தெரியும் நான். உட்பக்கத்தைக் காட்ட வேண்டும் என்று கேட்கவே கூடாது. செய்து முடித்துக் கவிழ்த்து வைத்துவிடும் உரிமை அவர்களுக்கு உண்டு. வரைய வெட்கப்படுபவர்கள் இதழ்களிலிருந்து படங்களையும் எழுத்துகளையும் கிழித்து ஒட்டலாம். தினமும் ஐந்து நிமிடம், ஒரு பக்கம், ஒரு நிறம் என்று படக் குறிப்பேடு வைப்பது, நீட் பயிற்சியில் பிழியப்படும் பிள்ளைகளுக்கும் இயலக்கூடியது.

கோலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வட்ட ஒழுங்குள்ள வடிவங்களுக்கு வண்ணம் தீட்டுவது பதற்றத்தைத் தணிக்கிறதா என்று 2005இல் அமெரிக்காவில் 84 கல்லூரி மாணவர்களிடம் சோதித்தார்கள். வெற்றுத் தாளில் விருப்பப்படி தீட்டியவர்களைவிட ஒழுங்கான வடிவங்களைத் தீட்டியவர்களுக்குப் பதற்றம் கூடுதலாகக் குறைந்தது. பின்வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே முடிவைச் சொல்லவில்லை என்றாலும், என் அனுபவம் அதன் பக்கமே நிற்கிறது. அதற்காக அச்சிட்ட வண்ணப் புத்தகங்களை வாங்குவானேன்? ஐந்து வரிசை, ஐந்து புள்ளி. சிக்குக் கோலத்தில் கோடு எந்தப் புள்ளியையும் தொடாமல் ஒவ்வொன்றையும் சுற்றி வளைந்து, கடைசியில் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். அடுத்த வளைவு எங்கே என்பதைத் தவிர வேறு எதையும் மனம் அப்போது நினைக்க முடியாது. தப்பினால் புறங்கையால் துடைத்துவிட்டு மறுபடி இழுக்கலாம். மாலைக்குள் அது மிதிபட்டு அழியும், மறுநாள் புதிது போடலாம். பிழைக்கு அஞ்சி உறைந்துபோன பிள்ளைகளுக்கு இவ்வளவு இரக்கமுள்ள பயிற்சி வேறு இல்லை. பையன்கள் வாசலில் போடக் கூச்சப்பட்டால் கட்டமிட்ட கணக்கு நோட்டில் போடட்டும்; கணக்கில் ஆர்வமுள்ளவர்கள் விடாமல் போடுவார்கள்.

இறப்பையோ பிரிவையோ சந்தித்த பிள்ளைகளுக்கு, எந்த வயதானாலும், நான் களிமண்ணையே தேடுவேன். மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் வேண்டுதலுக்காக மண்ணால் குதிரையும் குழந்தையும் கையும் காலும் செய்து அய்யனார் கோயிலில் கொண்டுபோய் வைக்கும் மரபை எல்லோரும் அறிவோம். சொல்லால் தாங்க முடியாததற்கு ஓர் உருவம் கொடுத்து, அதை ஓரிடத்தில் இறக்கி வைப்பது நமக்குப் புதிதல்ல. இறந்துபோன தாத்தாவின் வெற்றிலைப் பெட்டியையோ அவருடைய செருப்பையோ பிள்ளை மண்ணில் செய்யட்டும். முகத்தைச் செய்யச் சொல்லாதீர்கள். சாயல் வரவில்லை என்ற துயரம் கூடும்.

ஆறாம் படி: என்ன பேசுவது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் உள்ளவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

வரைந்துகொண்டிருக்கும்போது பேசாதீர்கள்; பிள்ளை பேசினால் மட்டும் பதில் சொல்லுங்கள். முடித்தபின், "என்ன இது?" என்று கேட்காமல், "இதைப் பத்திச் சொல்றியா?" என்று கேளுங்கள். முதல் கேள்வி, படம் புரியவில்லை என்று குற்றம் சாட்டுகிறது. இரண்டாவது, கதவைத் திறந்து வைக்கிறது. "ஏன் இவ்வளவு சிவப்பு?" என்பது விசாரணை. "இங்க சிவப்பு நிறைய இருக்கு" என்று கண்ணால் கண்டதை மட்டும் சொல்லி நிறுத்தினால், சொல்ல விரும்பும் பிள்ளை மீதியைச் சொல்லும். விரும்பாத பிள்ளை "ஆமா" என்று முடித்துக்கொள்ளும். இரண்டும் சரியே.

"சூப்பர்! அழகா இருக்கு" என்ற பாராட்டும் தடைதான் என்று சொன்னால் பெற்றோர் வியப்படைகிறார்கள். அழகாக இருக்கிறது என்று ஒரு முறை சொன்னால், அடுத்த வாரமும் அழகாகவே வரைய வேண்டும் என்ற கட்டாயம் பிள்ளைக்கு வருகிறது. அசிங்கமான, கோபமான, அழுகையான படத்துக்கு இடமில்லாமல் போகிறது. "இந்த மூலைக்கு ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டே", "மண்ணை நாலு தடவை கலைச்சுக் கலைச்சுச் செஞ்சே" என்று உழைப்பைச் சொல்லுங்கள்.

பிள்ளை கதைக்குள் மறைந்துகொண்டு பேசினால், கதையை விட்டு வெளியே இழுக்காதீர்கள். ஒரு பத்து வயதுப் பையன் கட்டிலுக்கடியில் ஒளிந்த நாய்க்குட்டியை வரைந்தான். எங்கள் பேச்சு இப்படிப் போயிற்று:

"நாய்க்குட்டி கட்டிலுக்கடியில என்ன செய்யுது தம்பி?"

"சத்தம் கேட்டுச்சு. அதான் ஒளிஞ்சிருச்சு."

"எப்ப வெளிய வரும்?"

"கதவு சாத்துற சத்தம் கேட்டா வரும். அப்ப அவங்க போயிட்டாங்கன்னு அர்த்தம்."

"அது வரைக்கும் அதுக்குப் பக்கத்துல என்ன இருந்தா நல்லாருக்கும்?"

"இன்னொரு நாய்க்குட்டி."

அவன் இன்னொன்றை வரைந்தான். "உங்க வீட்டுல சண்டை நடக்குதா?" என்று நான் கேட்டிருந்தால் அன்றே வாயை மூடியிருப்பான். ஐந்து வாரம் கழித்து, நாய்க்குட்டி இல்லாமலே, அவன் தானாகச் சொன்னான்.

வீடு, மரம், மனிதர் வரையச் சொல்லிக் குணத்தைக் கணிக்கும் சோதனை 1940களிலிருந்து இருப்பது உண்மை. பயிற்சி பெற்ற உளவியலாளர்களேகூட அதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்வதில்லை. கதவில்லாத வீடு என்றால் இது, வேரில்லாத மரம் என்றால் அது என்று பட்டியல் போடும் காணொளிகளைப் பார்த்துப் பிள்ளையை அளக்காதீர்கள்.

ஏழாம் படி: கனமான ஒன்று வெளிப்பட்டால்

பிள்ளை அழுதால் அழட்டும். "அழாதே" என்று சொல்லாமல் தண்ணீர் கொடுங்கள். கை நடுங்கினால் வரைவதை நிறுத்தி, உள்ளங்கையில் ஒரு மண் உருண்டையை வைத்து அழுத்தி அழுத்தி விடச் சொல்லுங்கள். சுற்றிலும் தெரியும் ஐந்து பொருட்களின் பெயரைச் சொல்லச் செய்யுங்கள்.

யாரோ தகாத முறையில் தொட்டதாகப் படத்தாலோ சொல்லாலோ தெரியவந்தால், மேலும் தோண்டிக் கேட்காதீர்கள், அதிர்ச்சியைக் காட்டாதீர்கள், சம்பந்தப்பட்டவரை அழைத்து விசாரிக்காதீர்கள். "நீ சொன்னது நல்லது. உன் மேல தப்பே இல்ல" என்று சொல்லி, பிள்ளை சொன்ன சொற்களையே மாற்றாமல் அன்றே எழுதி வையுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அத்தகைய குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும், மறைப்பது தண்டனைக்குரியது. எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் 1098ஐ அழையுங்கள். குடும்ப மானம் என்ற பேச்சு அங்கே எழும். பிள்ளையைவிடப் பெரிய மானம் எதுவும் இல்லை.

எட்டாம் படி: முடிப்பதும் பாதுகாப்பதும்

முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது சொல்லிவிடுங்கள். கை கழுவுவது, தூரிகை அலசுவது, பாயைச் சுருட்டுவது எல்லாம் சேர்ந்து செய்யுங்கள். உணர்ச்சியிலிருந்து அன்றாடத்துக்குத் திரும்பும் படிக்கட்டு அதுதான். கனமான அமர்வு என்றால், கடைசியில் தனக்குப் பிடித்த, பத்திரமாக உணரும் ஓர் இடத்தைச் சிறு தாளில் வரைந்துவிட்டு எழட்டும்.

நாஜிகளின் தெரேசின் முகாமில் அடைபட்டிருந்த குழந்தைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்த ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ், எடித் கிராமரின் ஆசிரியர். பிள்ளைகள் தம் படங்களில் தம் பெயரைத் தாமே எழுதச் செய்தவர். 1944இல் அவர் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமில் கொல்லப்பட்டார். அவர் ஒளித்துவைத்துச் சென்ற ஏறத்தாழ 4,500 படங்கள் பிழைத்தன. நானும் படத்தின் பின்பக்கம் பெயரையும் தேதியையும் பிள்ளையே எழுதும்படி விட்டுவிடுகிறேன். இந்தப் படம் என்னுடையது என்பதை அந்தக் கையெழுத்து உறுதிசெய்கிறது.

ஆகவே பிள்ளையின் அனுமதியின்றிப் படத்தை உறவினர்களுக்குக் காட்டுவதோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பதோ நம்பிக்கைத் துரோகம். ஒரு கோப்புறை வாங்கிப் பிள்ளையின் கையிலேயே கொடுங்கள். கிழித்துப்போட விரும்பினால் கிழிக்கட்டும்.

ஒன்பதாம் படி: எட்டு வாரம் கழித்து

ஒரு நோட்டில் வாரந்தோறும் மூன்றே வரி எழுதி வாருங்கள்: தூக்கம், பள்ளி, பிள்ளை சொன்ன ஒரு சொல். படத்துக்கு விளக்கம் எழுத வேண்டாம். எட்டு வாரம் கழித்து அந்த வரிகளைப் படித்தால், நகர்வு இருக்கிறதா என்று தெரியும். நகர்வு இல்லை என்றாலோ பின்னோக்கிப் போகிறது என்றாலோ பயிற்சி பெற்றவரிடம் போக வேண்டிய நேரம் அது.

அப்படித் தேடும்போது பெயர்ப்பலகையை நம்பாமல் கேள்வி கேளுங்கள். மருத்துவ உளவியலாளர் என்று சொல்பவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். கலைவழிச் சிகிச்சையாளர் என்பவரிடம், எங்கே, எத்தனை காலம் பயின்றார், யாருடைய மேற்பார்வையில் பணியாற்றுகிறார், குழந்தைகளோடு எவ்வளவு பழக்கம் என்று கேளுங்கள். வார இறுதிப் பயிலரங்கில் சான்றிதழ் வாங்கியவர் அருமையான ஓவிய ஆசிரியராக இருக்கலாம், சிகிச்சையாளர் ஆகமாட்டார். முதல் சந்திப்பிலேயே படத்தைப் பார்த்து நோயைச் சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

நல்லபடியாக நடந்து, அமர்வுகளை நிறுத்தலாம் என்ற நிலை வந்தால், திடீரென்று நிறுத்தாதீர்கள். மூன்று வாரம் முன்பே சொல்லுங்கள். கடைசி நாளில் கோப்புறையைத் திறந்து எல்லாப் படங்களையும் தேதி வரிசையில் தரையில் பரப்புங்கள். பிள்ளை அதன் ஓரமாக மெல்ல நடந்து பார்க்கட்டும். எவற்றை வைத்துக்கொள்வது, எவற்றை விடுவது என்று அவனோ அவளோதான் முடிவு செய்ய வேண்டும். விட நினைக்கும் தாள்களைத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கிவிடலாம். சுடாத மண் உருவங்களை ஒரு வாளித் தண்ணீரில் இறக்கி வைத்தால், மறுநாள் காலையில் அவை கரைந்து மீண்டும் பிசையத் தகுந்த மண்ணாகக் கிடக்கும்.